மனதைக் கலக்கும் படங்களை ஏன் தேடிப் போகிறோம், எங்கே நிறுத்துவது?

செந்தூலில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். படிவம் 5 படிக்கும் அவருடைய தம்பி, "தைரியம் இருந்தால் பார்" என்று பட்டியல் போட்டுச் சுற்றிவரும் கொடூரமான திகில் படங்களை ஒவ்வொன்றாகத் தேடி, நள்ளிரவில் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருக்கிறான். அப்படி என்னதான் இருக்கிறது என்று இவரும் ஒன்றைப் பார்த்திருக்கிறார். சில நாள் தூக்கம் போய்விட்டது. கண்ணை மூடினால் அதே காட்சி. ஆனால் அது அடங்கியதும் அடுத்த படத்தைத் தேடச் சொல்லி மனம் இழுத்திருக்கிறது. "எனக்கு ஏதும் கோளாறா? தம்பியைத் தடுக்க வேண்டுமா? அம்மாவிடம் சொல்லலாமா?" என்று கேட்டு முடித்திருக்கிறார். இந்த மூன்றுக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இப்படிப்பட்டதைப் பார்க்க ஆசைப்படும் மனம் கெட்டுப்போன மனமா? இல்லை, சகோதரி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

நான் கோலாலம்பூரில் சினிமாவுக்கும் டெலிமூவிகளுக்கும் ஒலி அமைக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். மலாய்ப் பேய்ப் படம், தமிழ்த் திகில் தொடர் என்று இரண்டு பக்கமும் வேலை செய்திருக்கிறேன். பயத்தை எப்படிச் செய்வது என்பது எனக்குக் கைப்பழக்கம். மனநலம் என் தொழில் அல்ல. அந்தப் பக்கத்தைப் பற்றிச் சொல்வதெல்லாம் வெளியான ஆய்வுகளைப் படித்ததால் வந்தது. எது நிலைநாட்டப்பட்டது, எது இன்னும் வாதத்தில் இருப்பது என்று பிரித்தே எழுதுகிறேன்.

முதலில், பேய்ப் படம் வேறு, நீங்கள் பார்த்த படம் வேறு. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில், உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்று கணக்கும் வைக்கிறார். அச்சத்துக்கு அவர் சொல்லும் நான்கு காரணங்கள் அணங்கு (வருத்தும் தெய்வம், பேய்), விலங்கு, கள்வர், தம் இறை (அரசன் போன்ற மேலோர்). நான்கிலும் நம்மைவிட வலிமையான ஒன்று நம்மை நோக்கி வருகிறது. இளிவரலுக்கு, அதாவது அருவருப்புக்கு, சொல்லும் நான்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. அங்கே யாரும் நம்மைத் துரத்துவதில்லை. உடல் தளர்கிறது, அழுகுகிறது, வலியில் ஒடுங்குகிறது, அதைப் பார்க்க நேர்கிறது. பேய்ப் படம் பெரும்பாலும் அச்சத்தோடு நின்றுவிடும். கதவு திறக்கிறது, அலறுகிறோம், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரிக்கிறோம். மனதைக் கலக்கும் படம் அச்சத்தில் தொடங்கி நம்மை இளிவரலில் கொண்டுபோய் உட்கார வைக்கும். ஓர் உடலுக்கு என்னவெல்லாம் செய்ய முடியும் என்று காட்டிவிட்டு, கண்ணைத் திருப்பிக்கொள்ளவும் விடாது.

இந்தப் பிரிவினை முக்கியம், ஏனென்றால் இரண்டும் ஒரே மாதிரி அடங்குவதில்லை. அச்சம் வேகமாக ஏறி வேகமாக இறங்கும். அருவருப்பு மெதுவாகத்தான் இறங்கும் என்பதை ஆய்வகச் சோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஒரு பொருளை ஆபத்தோடு சேர்த்துப் பழக்கினால், ஆபத்து இல்லை என்று சில தடவை காட்டியதும் பயம் குறைகிறது. அதையே அருவருப்போடு சேர்த்துப் பழக்கினால் எளிதில் விடுவதில்லை. நீங்கள் சில நாள் தூக்கம் இழந்ததற்குக் காரணம் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இந்த ஆசை இணையம் கொண்டுவந்த வியாதி என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. நம் இலக்கியத்தைக் கொஞ்சம் புரட்டினாலே அது நிற்காது. 12ஆம் நூற்றாண்டில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில், போர் முடிந்த களத்துக்குப் பசியோடு பேய்கள் வருகின்றன. பிடுங்கி விழுந்த யானைத் தந்தத்தால் பல் விளக்குகின்றன. பிணங்களைக் கொண்டு கூழ் சமைத்து, குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும் மறக்காமல் ஊற்றிக் கொடுக்கின்றன. குடலைப் புரட்டும் காட்சி, ஆனால் கேட்பவர் சிரிக்கவும் செய்வார். அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பு காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டுச் சுடுகாட்டைப் பாடும்போது, வற்றிய மார்பும் புடைத்த நரம்பும் குழிந்த வயிறுமாக ஒரு பெண் பேயை வைத்தே தொடங்குகிறார். அதைப் பக்தியோடு ஓதுகிறோம். கொடூரத்தைக் கலையாக்கிப் பார்ப்பது நம்மவர்களுக்குப் பழைய பழக்கம். அந்தப் பாட்டுகள் அந்தக் கொடூரத்தை எதற்காகக் காட்டுகின்றன என்பது இன்னொரு விஷயம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

சரி, ஏன் பிடிக்கிறது? ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான். பயந்தால் இதயம் வேகமாகத் துடிக்கிறது, உடல் முறுக்கேறுகிறது. ஆபத்து போலி என்று தெரிந்ததும் அந்த முறுக்கு உடனே போய்விடுவதில்லை. பின்னால் வரும் நிம்மதியை அது பெரிதாக்கிக் காட்டுகிறது. டால்ஃப் ஸில்மேன் என்ற ஆய்வாளர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். பால் ரோஸின் என்ற உளவியலாளர் மிளகாயில் இருந்து தொடங்குகிறார். நாக்கு எரிகிறது, கண்ணில் தண்ணீர் வருகிறது, உடல் ஆபத்து என்று கத்துகிறது, மனத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகாது என்று தெரியும். உடலை மனம் ஏமாற்றி ஜெயித்த அந்த உணர்வே சுகம் என்கிறார். சிலி பாடி என்ற காரமான குட்டி மிளகாயைக் கடித்துக்கொண்டு நாசி லெமாக் சாப்பிடுகிற ஊரில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

டென்மார்க்கில் ஒரு செயற்கைப் பேய் வீட்டுக்கு வந்தவர்களின் இதயத் துடிப்பைக் கருவி வைத்து அளந்து 2020இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பயம் மிகக் குறைவாக இருந்தவர்களுக்கும் ரசனை குறைவு, மிக அதிகமாக இருந்தவர்களுக்கும் குறைவு. நடுவில் ஓர் இடத்தில்தான் உச்சம். அந்த இடம் ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் தம்பிக்கு இருக்கும் இடம் உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம். அதனால் யாரும் உசத்தியும் இல்லை, தாழ்த்தியும் இல்லை. கோவிட் காலத்தில் திகில் பட ரசிகர்களுக்கு மன உளைச்சல் கொஞ்சம் குறைவாக இருந்ததாகவும் ஓர் ஆய்வு உண்டு. அதை வைத்து "திகில் படம் மனதைத் திடப்படுத்தும்" என்று பலர் எழுதிவிட்டார்கள். அது அந்த ஆய்வைத் தாண்டிப் போவது. திடமான மனம் உள்ளவர்கள்தான் அந்தப் படங்களைப் பார்க்கிறார்களோ என்னவோ, அந்தக் கணக்கெடுப்பால் இரண்டையும் பிரிக்க முடியாது.

இனி என் வேலைக்கு வருகிறேன். பார்ப்பதைவிடக் கேட்பதுதான் உங்களைக் கலக்குகிறது. எலும்பு முறியும் சத்தம் வேண்டும் என்றால் சௌக்கிட் சந்தையில் செலரி வாங்கி வருவோம். தண்டுகளை ஈரத் துணியில் சுற்றி, மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் மெதுவாக முறுக்க வேண்டும். சட்டென்று ஒடித்தால் காய்ந்த குச்சி மாதிரி கேட்கும். முருங்கைக்காயும் போட்டுப் பார்த்திருக்கிறோம், அது மரம் பிளக்கிற மாதிரி கேட்கிறது. சதைக்குக் கனிந்த பப்பாளி. தோல் விலகுவதற்குக் கார் துடைக்கிற சாமோய்த் துணியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிவோம். பதிவு செய்யும்போது அறையில் எல்லோருக்கும் சிரிப்பு வரும், பப்பாளி தரையெல்லாம் சிந்திக் கிடக்கும். அதே சத்தத்தை முகம் ஒன்றின் மேல் வைத்து ஓட்டினால் அந்த அறையே அமைதியாகிவிடும். செய்தவருக்கே வயிறு கலங்கும். படத்தில் வெட்டு விழுவதைக் காட்டவே தேவையில்லை. ஹிட்ச்காக்கின் 1960ஆம் ஆண்டுப் படமான 'சைக்கோ'வின் குளியலறைக் காட்சியில் கத்தி இறங்கும் சத்தத்துக்கு முலாம்பழத்தைத்தான் குத்தினார்கள், ரத்தத்துக்குச் சாக்லேட் பாகு. கத்தி சதைக்குள் போவதைப் பார்த்ததாக இன்றும் பலர் சத்தியம் செய்வார்கள்.

அலறலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மனித அலறலில் ஒலியின் அளவு நொடிக்கு 30 முதல் 150 தடவை வரை ஏறி இறங்குகிறது. காதுக்கு அது கரகரப்பாகப் படும். சாதாரணப் பேச்சில் இந்த வேகம் கிடையாது. மூளையில் ஆபத்தை உணரும் பகுதியை இந்தக் கரகரப்பு நேராகத் தட்டுகிறது என்று 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. திகில் படத்து இசையில் வயலினைக் கீறுவதும் அதே வேலையைத்தான் செய்கிறது. இது உறுதியான பகுதி. உறுதியில்லாத பகுதி, காதுக்கு எட்டியும் எட்டாத தாழ்ந்த ஒலியைப் பற்றிய பேச்சு. 2002இல் கான் விழாவில் திரையிட்ட ஒரு பிரெஞ்சுப் படத்தின் தொடக்கப் பகுதியில் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலியைச் சேர்த்ததாக இயக்குநர் காஸ்பர் நோவே சொல்லியிருக்கிறார். பலர் பாதியில் எழுந்து போனது உண்மை. ஆனால் அந்தப் படத்தின் காட்சிகளே எழுந்து போக வைக்கும். அந்த ஒலிதான் குமட்டலைக் கொண்டுவந்தது என்று நிரூபிக்க அது போதாது. எங்கள் தொழிலில் இருப்பவர்களே இதைப் பெரிதாக்கிச் சொல்வார்கள், கேட்கச் சுவாரசியமாக இருப்பதால்.

உங்கள் தம்பி காதில் இயர்போன் மாட்டித்தான் பார்க்கிறானா என்று பாருங்கள். கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் தாழ்ந்த ஒலி வரவே வராது, பாதிப் பயம் அங்கேயே போய்விடும். இயர்போன் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும், அதுவும் தலைக்குள்ளேயே கேட்கிற மாதிரி. தியேட்டரில் பக்கத்து சீட்டில் ஒருவர் பாப்கார்ன் மென்றுகொண்டிருப்பார், பின்னால் யாராவது சிரிப்பார்கள். இது வெறும் படம் என்று அவர்கள் நமக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கிறார்கள். இருட்டில் போர்வைக்குள் ஒற்றையாக இயர்போனோடு பார்ப்பவருக்கு அந்த நினைவூட்டல் கிடைப்பதில்லை.

அந்த "வெறும் படம்" என்ற எல்லைக்கோடு எவ்வளவு பெரிய வேலை செய்கிறது என்பதற்கு ஒரு சோதனையைச் சொல்லலாம். 1990களில் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களுக்கு உண்மையான காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். மாடு அறுக்கும் கூடம், அறுவைச் சிகிச்சை, இப்படி. பிடிக்காவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். பெரும்பாலோர் முடியும் முன்பே நிறுத்திவிட்டார்கள். திகில் படங்களில் அதைவிட அதிக ரத்தத்தைக் கூசாமல் பார்க்கிற வயதுக்காரர்கள்தான் அவர்கள். ரத்தம் ஒரே ரத்தம்தான், நடிப்பு என்று தெரிந்தால் ரசிக்கிறோம், நிஜம் என்று தெரிந்தால் ஓடுகிறோம். மனம் நன்றாக இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இதைச் சொல்லும்போது ஒன்று என்னை உறுத்துகிறது. திகில் படம் பார்க்கும் பையனை வீடே சேர்ந்து திட்டும். அதே வீட்டின் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், பிளஸ் நெடுஞ்சாலையில் லாரிக்கு அடியில் சிக்கியவரின் காணொளி "கவனமாக ஓட்டுங்கள்" என்ற வரியோடு வந்து விழும். இறந்தவர் யாரோ ஒருவருடைய அண்ணன். அவர் வீட்டுக்குச் செய்தி போய்ச் சேரும் முன்பே அது பத்துக் குழுக்களுக்குப் போயிருக்கும். அதில் நடிப்பு கிடையாது, சம்மதம் கிடையாது, எழுந்து வந்து முகத்தைக் கழுவிக்கொள்ளும் நடிகர் கிடையாது. என்னைக் கேட்டால், தம்பி பார்க்கும் எந்தப் படத்தையும்விட எனக்குக் கவலை தருவது இதுதான். தம்பியின் பட்டியலில் உண்மையான மரணக் காட்சிகள் கலந்திருக்கின்றனவா என்பதை மட்டும் கட்டாயம் கேளுங்கள். அங்கே எனக்கு எந்தத் தயக்கமும் கிடையாது, அது கூடாது.

பேய்ப் படத்திலும் இந்த எல்லைக்கோடு எல்லோருக்கும் ஒரே இடத்தில் இல்லை. தமிழிலும் படம் எடுத்த பி. என். ராவ் இந்தியாவில் இருந்து வந்து, மரியா மெனாடோவை வைத்து 1957இல் 'பொந்தியானாக்' எடுத்தார். இன்று அதன் பிரதி கிடைப்பதில்லை, ஆனால் மலாய்த் திகில் படங்களுக்கு அதுதான் தாய் வேர். பொந்தியானாக் என்ற மலாய்ப் பெண் பேய் நிஜமாகவே இருக்கிறாள் என்று நம்புகிறவருக்கு அது கதை கிடையாது. எஸ்டேட் லயத்தில் வளர்ந்த பாட்டிமார்கள் வாழைமரப் பக்கம் இருட்டில் போகக் கூடாது என்று சொல்லி வளர்த்த பிள்ளைகளும் அப்படித்தான். ரம்பத்தால் ஆளை அறுக்கும் அமெரிக்கப் படத்தைச் சிரித்துக்கொண்டே பார்த்துவிட்டு, உள்ளூர்ப் பேய்ப் படத்துக்குப் பிறகு கழிவறைக்குத் துணை தேடும் ஆட்கள் எனக்குத் தெரியும். நம்பிக்கை உள்ளவருக்கு அந்தப் பாதுகாப்புக் கோடு மெல்லியது. அதைக் கேலி செய்யக் கூடாது.

இனி பாதிப்பு. 1999இல் ஜோவான் கேன்டரும் கிறிஸ்டன் ஹாரிசனும் வெளியிட்ட ஆய்வில், சுமார் 150 அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் சிறுவயதில் படம் பார்த்துப் பயந்த அனுபவத்தைக் கேட்டார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு அப்படி ஒன்று இருந்தது. ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு அந்தப் பயம் இன்னும் மிச்சம் இருந்தது. தண்ணீரில் இறங்கத் தயக்கம், விளக்கை அணைக்கத் தயக்கம், இப்படி. ஆக, "படம்தானே, ஒன்றும் ஆகாது" என்பதும் சரியல்ல. எவ்வளவு சின்ன வயதில் பார்க்கிறோமோ அவ்வளவு ஆழமாக இறங்கும் என்பதில் இந்தத் துறையில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. 17 வயதுப் பையனைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்பட மாட்டேன். அவன் பார்க்கும்போது பக்கத்துக் கட்டிலில் எட்டு வயதுத் தங்கை விழித்திருக்கிறாளா என்றுதான் பார்ப்பேன்.

படம் பார்த்தவன் வன்முறையாளனாக மாறுவானா? இதுதான் பெற்றோர்களின் பெரிய பயம். 1980களில் பிரிட்டனில் வீடியோ கேசட்டுகளைப் பற்றி இதே பயம் கிளம்பி, பத்திரிகைகள் கூச்சல் போட்டு, 1984இல் சட்டமே கொண்டுவந்தார்கள். திரை வன்முறைக்கும் ஆக்ரோஷமான எண்ணங்களுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நல்ல மனநிலையில் இருக்கும் ஒருவனைத் திகில் படம் குற்றவாளியாக்கும் என்று யாரும் நிறுவவில்லை. பாலியல் வன்கொடுமையை ரசிக்கத்தக்கதாகக் காட்டும் படங்களை மட்டும் நான் இதில் சேர்க்க மாட்டேன். அவற்றைப் பற்றிய ஆய்வுகள் வேறு கவலைகளை எழுப்பியிருக்கின்றன, பதின்ம வயதில் அவை வேண்டாம்.

எல்லை எது என்ற கேள்விக்குச் சட்டம் ஒரு பதில் வைத்திருக்கிறது. மலேசிய உள்துறை அமைச்சின் கீழ் இருக்கும் தணிக்கை வாரியம் தியேட்டருக்கு வரும் படங்களைப் பார்த்து, 2023 முதல் யு, பி12, 13, 16, 18 என்று முத்திரை குத்துகிறது. முன்பு திகிலுக்கும் வன்முறைக்கும் என்றே 18எஸ்ஜி என்று ஒரு முத்திரை இருந்தது, நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். இணையத்தில் ஓடுவதை வாரியம் இப்படி முன்கூட்டிப் பார்ப்பதில்லை. டெலிகிராமில் கிடைப்பதை யாருமே பார்ப்பதில்லை. தவிர, தணிக்கை வெட்டுவது எப்போதும் கொடூரத்தைத்தான் என்று சொல்லவும் முடியாது. 2023இல் கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் பெரும் பரிசு வாங்கிய நம் நாட்டுப் படம் 'டைகர் ஸ்ட்ரைப்ஸ்', பருவமடையும் ஒரு சிறுமியின் உடல் மாறுவதைப் பற்றியது. இங்கே தியேட்டரில் ஓடிய வெட்டிய பிரதி தன்னுடைய படமே இல்லை என்று அதன் இயக்குநர் அமான்டா நெல் யூ வெளிப்படையாகவே சொன்னார். முத்திரையைப் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

என்னுடைய எல்லைக்கோடு ரத்தத்தின் அளவில் இல்லை. முதலாவது, எடுக்கும்போது யாருக்கும் உண்மையில் வலித்திருக்கக் கூடாது. 1980இல் ருஜேரோ தேயோதாத்தோ எடுத்த 'கன்னிபால் ஹோலோகாஸ்ட்' என்ற இத்தாலியப் படத்தைத் தம்பியின் பட்டியலில் நிச்சயம் பார்ப்பீர்கள். நடிகர்களையே கொன்றுவிட்டார் என்ற சந்தேகத்தில் வழக்குப் போட்டு, அவர்கள் உயிரோடு இருப்பதை அவர் காட்ட வேண்டியதாயிற்று. அந்தக் கதையை எல்லோரும் ரசித்துச் சொல்வார்கள். அதே படத்தில் மிருகங்களைக் கேமரா முன்னால் நிஜமாகவே கொன்றார்கள் என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். நான் அந்தப் படத்தை யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். துன்பப்படுகிறவர் கடைசிவரை மனிதராக இருக்கிறாரா, பொருளாகிவிடுகிறாரா? இதை எங்கள் அறையில் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு டெலிமூவியில் வீட்டுக்குள் ஒரு பெண்ணை அடிக்கும் காட்சி. முதல் பதிப்பில் அவள் அலறலை முன்னால் வைத்து, அடி விழும் சத்தத்தை ஏற்றி, எல்லாம் கணக்காகச் செய்திருந்தோம். கேட்க வலுவாக இருந்தது. ஆனால் கேட்கக் கேட்க அடிக்கிறவனின் கைதான் கதாநாயகன் ஆனது. அடுத்த அடி எப்போது என்று காத்திருக்க ஆரம்பித்தோம். இயக்குநர் நிறுத்தச் சொன்னார். அப்புறம் அடியின் சத்தத்தை அடுத்த அறைக்குத் தள்ளினோம். முன்னால் கூரை விசிறியின் கிரீச், அடுப்பில் கொதித்துப் பொங்கும் பால், அவள் மூச்சைப் பிடித்துப் பிடித்து விடும் சத்தம். அலறல் ஒன்றே ஒன்று, அதுவும் பாதியில் அடங்குவது. ஒரு துளி ரத்தம் கூடச் சேர்க்கவில்லை, படம் முன்பைவிட இரண்டு மடங்கு கலக்கியது. இந்தத் தடவை நாங்கள் அவள் பக்கம் நின்றோம். பரணியில் பேய்கள் கூழ் குடிப்பது வெற்றியின் கொண்டாட்டம்தான், ஆனால் ஒரு போர் எத்தனை பிணத்தால் ஆனது என்பதும் அந்தக் கூழிலேயே தெரிகிறது. அம்மையார் அந்தப் பேயை வெறுத்துப் பாடவில்லை, அதுவாகவே தன்னை வைத்துப் பாடினார். கொடூரத்தை இப்படிக் காட்டும் படங்கள் உண்டு. பார்த்த பிறகு தூக்கம் கெட்டாலும் அவற்றைப் பார்த்ததற்கு நான் வருந்தியதில்லை. அடுத்து எந்த உறுப்பு என்று எண்ண வைக்கும் படங்களும் உண்டு. அவற்றில் கெட்டிக்காரத்தனம் இருக்கலாம், எனக்கு அவை வேண்டாம். இது என் ரசனை, ஆய்வு முடிவு அல்ல.

உங்களுக்குச் சில நடைமுறை வார்த்தைகள். அடுத்ததைப் பார்க்கத் தோன்றினால் பாருங்கள், ஆனால் பகலில், யாராவது கூட இருக்கும்போது. கதையை முன்கூட்டியே படித்துக்கொள்ளுங்கள். தாங்காத இடம் வந்தால் கண்ணை மூடுவதைவிடச் சத்தத்தை நிறுத்துங்கள், அதன் பலம் அங்கேதான் இருக்கிறது. பாதியில் நிறுத்துவது தோல்வி இல்லை, நிறுத்த முடியும் என்பதால்தான் இது விளையாட்டு. காட்சி மனதில் ஒட்டிக்கொண்டால் ஒரு வழி இருக்கிறது. எமிலி ஹோம்ஸ் என்ற ஆய்வாளரின் குழு 2009இல், மனதைக் கலக்கும் காட்சிகளைக் காட்டி அரை மணி நேரம் கழித்துச் சிலரைக் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் என்ற கணினி விளையாட்டை விளையாட வைத்தது. விளையாடியவர்களுக்கு அடுத்த ஒரு வாரத்தில் அந்தக் காட்சிகள் தானாக மனதில் வந்து போவது குறைந்தது. கண்ணும் இடமும் சம்பந்தப்பட்ட விளையாட்டு, காட்சி நினைவாகப் படியும் நேரத்தில் குறுக்கே போகிறது என்பது அவர்கள் விளக்கம். ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் செய்த சோதனை அது, உண்மையான விபத்தையோ வன்முறையையோ அனுபவித்தவர்களுக்கு அதையே மருந்தாக நம்பக் கூடாது. உங்கள் வாழ்க்கையில் அப்படி ஏதாவது நடந்திருந்து, படம் அதைத் தொட்டுவிட்டது என்றால், அந்த வகைப் படங்களை விட்டுவிடுங்கள்.

தம்பியைப் பிடுங்கித் தடுத்தால் அவன் இன்னும் இருட்டான மூலைக்குப் போவான். அந்த வயதில் பட்டியலை முடிப்பது ஒரு சவால், பள்ளியில் சொல்லிக்கொள்ள ஒரு பெருமை. பார்த்ததில் எது நன்றாக எடுத்த படம், ஏன் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தால் அவன் சினிமா பார்க்கிறான். எல்லாம் சப்பென்று இருக்கிறது, இதைவிடக் கொடூரமானது வேண்டும் என்று மட்டுமே சொன்னால், படத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு அவனைப் பற்றிப் பேசுங்கள். தூக்கம் வாரக்கணக்கில் கெட்டிருக்கிறதா, சாப்பாடு குறைந்திருக்கிறதா, நண்பர்களை ஒதுக்குகிறானா, எஸ்.பி.எம். தேர்வு வருடத்தில் புத்தகத்தையே தொடுவதில்லையா, பிராணிகளைத் துன்புறுத்துகிறானா, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பேச்சு வருகிறதா என்று பாருங்கள். இவை எதுவும் இல்லை என்றால் இது உங்கள் இருவருக்கும் இடையில் இருக்கலாம், அம்மாவைக் கலவரப்படுத்தத் தேவையில்லை. இவற்றில் எதுவாவது இருந்தால் காரணம் பெரும்பாலும் படம் இல்லை, வேறு ஏதோ ஒன்றுக்கு அவன் படத்தை மருந்தாக வைத்திருக்கிறான். அப்போது பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடம் பேசலாம். இல்லையென்றால் அருகில் உள்ள கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசு சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள், தேவைப்பட்டால் அங்கிருந்தே அரசாங்க மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பார்கள். 18 வயது ஆகாதவனுக்குச் சிகிச்சை தொடங்கப் பெற்றோரின் சம்மதம் கேட்பார்கள், ஆகவே அந்த நிலை வந்தால் அம்மாவிடம் சொல்லித்தான் ஆக வேண்டும்.